கல்யாண போட்டோ யாருக்குச் சொந்தம்? அதைப் பத்திரமா வச்சிருக்க வேண்டியது யார்?

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் பயணிகளோடு நின்றது. தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வட்டாரத்து வீடுகளுக்குள் வந்தது.

வெள்ளம் வடிந்ததும் சேதக் கணக்கு எடுத்தார்கள். வீடு, பயிர், ஆடு மாடு எல்லாம் கணக்கில் வரும். வராத சாமான் ஒன்று உண்டு: கல்யாண ஆல்பம். நிறைய வீடுகளில் அது பீரோவின் அடித்தட்டில்தான் கிடக்கும். கனமான ஆல்பத்தை யாரும் மேல்தட்டில் தூக்கி வைப்பதில்லை. தண்ணீர் முதலில் போவதும் அந்த அடித்தட்டுக்குத்தான்.

சேறு படிந்த ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "ஸ்டுடியோல காப்பி இருக்குமா அண்ணாச்சி?" என்பதுதான். அதற்கான பதில், கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்பதைப் பொறுத்தது. விநோதம் என்னவென்றால், 1985-ல் நடந்த கல்யாணத்துக்கு இருக்கும் வாய்ப்பு 2015-ல் நடந்த கல்யாணத்துக்கு இல்லாமல் போகலாம். ஏன் இப்படி? பார்க்கலாம்.

நெகட்டிவ் ஸ்டுடியோவில், பிரிண்ட் வீட்டில்

பிலிம் காலத்தில் ஒரு 120 ரோலில் 12 படம், சின்ன 35 மி.மீ. ரோலில் 36 படம். மூணு ரோல் போட்டால் கல்யாணம் முடிந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு என்பதால், தாலி கட்டும் நேரம் தவிர மற்றதெல்லாம் எண்ணி எண்ணி எடுப்பார்கள். பிலிமும் பேப்பரும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அதைக் குறைக்கத்தான் மத்திய அரசு 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' பிராண்ட் கருப்பு வெள்ளை பிலிமும் பேப்பரும் பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு நல்ல பழக்கம்.

அன்றைக்கு நடைமுறை எளிமையானது. வாடிக்கையாளர் கைக்குப் போவது பிரிண்ட். நெகட்டிவ் ஸ்டுடியோவிலேயே இருக்கும். ஒரு கவரில் போட்டு, எண் எழுதி, டப்பாவில் அடுக்கி விடுவார்கள். பிரிண்டின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பும் அந்த எண்ணும் இருக்கும். 'மறு பிரதி தேவையெனில் இந்த எண்ணைக் குறிப்பிடவும்' என்பது அதற்குத்தான். வீட்டில் பழைய படம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ இன்னும் இருந்தால், அந்த எண்ணை வைத்துக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஊர் ஸ்டுடியோ கல்யாணத்துக்கு மட்டும் இல்லை. கொழும்புக்கோ மலேயாவுக்கோ வேலைக்குப் போகிறவர் கிளம்பும் முன் குடும்பத்தோடு ஒரு குரூப் போட்டோ, பிள்ளைக்கு முதல் மொட்டை, வளைகாப்பு, பெண் பார்க்க அனுப்பும் படம். கடைசியாக ஒன்றும் உண்டு. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்துக்கொள்ளும் படம். இன்றைக்குப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட கேமரா முன்னால் நிற்காதவருக்கு, அது ஒன்றுதான் படம். பிறகு அந்த முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, டச்சப் செய்து, மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

இந்தப் படங்களின் மதிப்பை ஆராய்ச்சியாளர்கள் லேட்டாகத்தான் கவனித்தார்கள். அழியும் நிலையில் இருக்கும் ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மானுடவியலாளர் ஜோயி ஹெட்லி தலைமையிலான குழு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போனது. 1880 முதல் 1980 வரையிலான குடும்பப் படங்களை டிஜிட்டல் பிரதி எடுப்பது அவர்கள் வேலை. ஒரு நூற்றாண்டில் நம்மாட்கள் எப்படி உடுத்தினார்கள், யார் யார் பக்கத்தில் நின்றார்கள், மனைவி உட்கார்ந்து கணவர் நின்றாரா, கணவர் உட்கார்ந்து மனைவி நின்றாரா என்பதற்கெல்லாம் இந்த டப்பாக்கள்தான் சாட்சி.

எல்லா டப்பாவும் தப்பவில்லை. கருப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. அதற்காகவே எடைக்குப் போட்டவர்கள் உண்டு. கரையானும் ஈரமும் தின்றது தனி.

ஒரு கல்யாணம் இன்றைக்கு எத்தனை ஜிபி?

டிஜிட்டல் வந்ததும் 36 படம் 3,000 படம் ஆனது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 30 எம்பி என்று வைத்தால், 3,000 படத்துக்கு 90 ஜிபி. வீடியோ அதைவிடப் பெரிசு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, நாலு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. ஆக மொத்தம் ஒரே கல்யாணத்துக்கு 450 ஜிபி. ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்பது கல்யாணத்தில் நிரம்பிவிடும்.

வருஷத்துக்கு 40 கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோ எல்லாவற்றையும் ரெண்டு காப்பி வைத்திருக்க நினைத்தால், வருஷத்துக்கு ஒன்பது டிஸ்க் வாங்கணும். யாரும் வாங்குவதில்லை. ஆல்பம் கொடுத்து, பென்டிரைவும் கொடுத்து, கொஞ்ச நாள் போனதும் டிஸ்க்கை காலி செய்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அதை 'ஏமாத்துறாங்க' என்று சொல்ல முடியாது. வைத்திருக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, அதற்குக் காசு கொடுக்கவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

படத்தை எடுத்தவர் ஸ்டுடியோக்காரர். அப்போது உரிமை அவருக்குத்தானே? இந்தியாவில் இல்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்ன அந்த நபர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் இது மாறும். எடுத்தவர் சட்டத்தின் கண்ணில் 'ஆசிரியர்'. இது நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்குத் தனியாக இருக்கிறது. பதிப்புரிமையின் ஆயுளும் அவர் ஆயுளை வைத்துத்தான்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாள், அதன்பின் 60 ஆண்டு.

அமெரிக்கா, பிரிட்டனில் இது தலைகீழ். அங்கே பொதுவாக போட்டோகிராபருக்கே உரிமை. இன்டர்நெட்டில் கிடைக்கும் ஒப்பந்தப் படிவத்தை அப்படியே இறக்கி, 'எல்லா உரிமையும் ஸ்டுடியோவுக்கே' என்ற வரியோடு கையெழுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் அது செல்லும். அதனால் புக்கிங் பேப்பரைப் படித்துவிட்டுப் போடுங்க.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'எடுக்கச் சொன்ன நபர்' யார்? நம்மூரில் கல்யாணத்துக்கு போட்டோகிராபரைப் பேசுவது பெரும்பாலும் பெண்ணின் அப்பா, இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அண்ணன். ரெண்டு வீட்டாரும் தனித்தனி ஆள் வைப்பதும் சகஜம். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், படத்தில் இருக்கும் ஜோடிக்குத் தங்கள் கல்யாணப் படத்தின் பதிப்புரிமை இல்லாமலே போகலாம்! உறவு சரியாக இருக்கும்வரை இது வெறும் தமாஷ். விவாகரத்து, சொத்துத் தகராறு என்று வந்தால் தமாஷ் இல்லை.

ஸ்டுடியோ தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்கள் படத்தைப் போடலாமா? உரிமை உங்களிடம் இருப்பதால் உங்கள் சம்மதம் வேணும். போக, தனியுரிமையும் இருக்கிறது. குடும்பம், திருமணம் சார்ந்த விஷயங்களை ஒருவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது தமிழ்நாட்டு வழக்கில்தான், ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கு. 2017-ல் புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமையாகவே உறுதி செய்தது.

வீடியோவில் சினிமாப் பாட்டு சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணத்தில் பாட்டுப் போடுவதற்கு 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் அதை விளக்கியது. ஆனால் அந்த விலக்கு மண்டபத்தில் ஒலிப்பதற்கு. ஹைலைட்ஸ் வீடியோவில் பாட்டை ஒட்டி யூடியூபில் ஏற்றுவதற்கு அதை நம்ப முடியாது.

இத்தனையும் சொல்லும் சட்டம், படத்தை எத்தனை வருஷம் ஸ்டுடியோ வைத்திருக்கணும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொந்தம் உங்களுக்கு. பாதுகாப்பு பேசி வைத்தால்தான் உண்டு.

ஸ்டுடியோக்காரர் ஏன் வைத்திருப்பதில்லை?

இதற்கு அவர் தொழிலின் கணக்கைப் பார்க்கணும். ஆழ்வார்திருநகரியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், ஒரு பக்கம் நவதிருப்பதி ஊர்கள், ஒரு பக்கம் நாசரேத், இன்னொரு பக்கம் காயல்பட்டினம், கடலோரத்தில் மணப்பாடும் புன்னைக்காயலும். இங்கே தொழில் செய்பவருக்குச் சுவரில் மூணு காலண்டர். ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்து முகூர்த்தம் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சர்ச் கல்யாணம் நடக்காது. ரமலானில் நிக்காஹ் ஆர்டர் குறையும். 2026-ல் சாம்பல் புதனும் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. ரெண்டு காலண்டர் ஒன்றாகக் காலி.

மறுபக்கம், வைகாசி வந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரே நாளில் நாலு ஆர்டர் வரும். அதே வைகாசியில்தான் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அவதார உற்சவமும் ஒன்பது கருட சேவையும். ஊர் முழுக்க உறவுக்கூட்டம். நல்ல நாளில் ஆள் பத்தாது, கெட்ட மாதத்தில் வேலை இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது பாஸ்போர்ட் சைஸ், ஸ்கூல் குரூப் போட்டோ, திருச்செந்தூரில் மொட்டை, காதுகுத்து. புரட்டாசி வாக்கில் குலசேகரன்பட்டினம் தசரா வந்தால், காளி வேஷம் போட்டவர்கள் எடுத்துக்கொள்ளும் படங்கள்.

காயல்பட்டினம் பக்கம் இன்னொரு தேவையும் இருக்கிறது. பெண்கள் பகுதியில் படம் எடுக்க ஆண் போட்டோகிராபரை அனுமதிக்காத வீடுகளில், படமே வேண்டாம் என்பார்கள், இல்லாவிட்டால் பெண் போட்டோகிராபரைத் தேடுவார்கள். கேமரா தெரிந்த பெண்கள் இந்த வட்டாரத்தில் தைரியமாக இறங்கலாம் என்பது என் கருத்து.

ஒரு கல்யாணம் ரூ.60,000-க்குப் பேசியாச்சு என்று சும்மா ஒரு கணக்குக்கு வைங்க. ரெண்டாவது கேமராமேன், வீடியோ எடுப்பவர், லைட் பிடிப்பவர் கூலி, வெளியூர் லேபில் ஆல்பம், டிசைனிங், எடிட்டிங், பெட்ரோல். இதில் பாதி போனால் ஆச்சரியமில்லை. மீதியில்தான் கடை வாடகை, கரண்ட், லோன் தவணை, வீட்டுச் செலவு. கேமராவும் தேயும். கல்யாண போட்டோகிராபர்கள் நிறையப் பேர் வாங்கிய நிக்கான் டி750-ன் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்கிறது நிறுவனம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால், 50 கல்யாணத்தில் அந்த எண் வந்துவிடும். வருஷ வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். சின்ன ஊர் ஸ்டுடியோ பலதுக்கு அந்த எல்லை தூரம்தான். ஆனால் அது லாபக் கணக்கு இல்லை, மொத்த வரவுக் கணக்கு என்பது ஞாபகம் இருக்கட்டும்.

வாடிக்கையாளர்கள் இப்போது கேட்பது ட்ரோன், எல்இடி வால், ப்ரீ-வெட்டிங். ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேணும். தேரிக்காட்டில் செம்மண் பின்னணியில் ஷூட் கேட்டால், காப்புக்காடு பகுதிக்கு வனத்துறை அனுமதி வாங்கணும். கோயிலில் கல்யாணம் என்றால் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. திருச்செந்தூர் கோயிலில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அடுத்த மாதமே அது எல்லாக் கோயில்களுக்கும் விரிந்ததும் தெரிந்ததுதான்.

இத்தனை செலவிலும் ஆசையிலும், 'படத்தைப் பத்து வருஷம் வச்சிருந்து தருவீங்களா?' என்று ரேட் பேசும்போது கேட்பவர் அபூர்வம்.

செலவில்லாமல் வைத்திருக்க ஒரு வழி

450 ஜிபி முழுவதையும் வைத்திருக்கத் தேவையில்லை. ஆல்பத்துக்குத் தேர்வான, கலர் சரிசெய்த 500 படங்களை ஜேபெக் ஆக வைத்தால், ஒன்று 10 எம்பி என்றாலும் 5 ஜிபி. எடிட் முடிந்த ரெண்டு மணி நேர வீடியோ, விநாடிக்கு 20 மெகாபிட் வீதம் 18 ஜிபி. தாராளமாக 25 ஜிபி போட்டுக்கொண்டால், ஒரு 4 டிபி டிஸ்க்கில் 160 கல்யாணம். வருஷத்துக்கு 40 என்றால் நாலு வருஷத்துக்கு ஒரே டிஸ்க். ரெண்டு காப்பிக்கு ரெண்டு டிஸ்க். பழைய நெகட்டிவ் டப்பாவைவிட இடம் குறைவு.

காப்பி வைப்பதில் '3-2-1' என்று ஒரு முறை சொல்வார்கள். மொத்தம் மூணு காப்பி, ரெண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். இதைப் பிரபலப்படுத்திய பீட்டர் க்ரோக் என்பவரும் ஒரு போட்டோகிராபர்தான். நம் வட்டாரத்துக்கு முக்கியம் அந்தக் கடைசி '1'. பென்டிரைவ் ஆல்பத்தோடு அதே பீரோவில், அதே அடித்தட்டில் இருந்தால், வெள்ளத்துக்கு ரெண்டும் ஒன்றுதான். ஒரு காப்பி சென்னையிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளையிடம், அல்லது கிளவுடில். அவ்வளவுதான்.

ஸ்டுடியோவுக்கும் இதில் லாபம் இருக்கிறது. பத்தாவது கல்யாண நாளுக்கு ஃபிரேம், அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய படத்தோடு புது ஆல்பம், தாத்தா தவறிப்போனால் குரூப் படத்திலிருந்து வெட்டிய முகம். இந்த ஆர்டரெல்லாம் படத்தை வைத்திருப்பவருக்குத்தான் வரும். வருஷத்துக்கு இவ்வளவு என்று பாதுகாப்புக் கட்டணம் வாங்கினாலும் தப்பில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வாங்கினால் சரி.

புக்கிங் பேப்பரில் என்ன இருக்கணும்?

வாய்ப்பேச்சு, வாட்ஸ்அப், ஜிபே அட்வான்ஸ். பெரும்பாலும் இதுதான் ஒப்பந்தம். இதற்கும் மதிப்பு உண்டு, மெசேஜை அழிக்காதீங்க. ஆனாலும் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்வது ரெண்டு பேருக்கும் நிம்மதி. யார் நேரில் வந்து எடுப்பார், எத்தனை ஷீட் ஆல்பம், எப்போது கிடைக்கும், முழுப் படங்களும் கிடைக்குமா அல்லது தேர்வானது மட்டுமா. உரிமை யாருக்கு, சமூக வலைதளத்தில் போடலாமா. பிறகு, இதுவரை யாரும் எழுதாத அந்த வரி: 'இறுதிப் படங்கள் இத்தனை வருஷம் ஸ்டுடியோவில் இருக்கும், அதற்குள் காப்பி கேட்டால் இவ்வளவு கட்டணம்.' டிஸ்க் காலி செய்யும் முன் ஒரு மெசேஜ் அனுப்பணும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். தேதி மாறினாலோ கல்யாணம் நின்றாலோ அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் சங்கடப்படாமல் எழுதிவிடுங்க.

மெமரி கார்டு கெட்டுப்போச்சு, ஆல்பமே வரலை என்றால்? இது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போகணும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஸ்டுடியோ வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பணம் திரும்பி வரலாம், இழப்பீடும் கிடைக்கலாம். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது என்பதால்தான், ரெண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்கிறார்கள்.

நனைந்த ஆல்பத்தை என்ன செய்வது?

அடுத்த மழைக்கு முன் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. நனைந்த படங்களில் ரெண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் நேரம் முக்கியம். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய பிரிண்ட்களை வெயிலில் காயவைத்துப் பிரிக்கப் பார்க்காதீங்க, கிழியும். காயும் முன்பே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் தானாகப் பிரிய வாய்ப்பு உண்டு. படம் இருக்கும் பக்கத்தை விரலால் தேய்க்கக் கூடாது. சேற்றைத் தண்ணீரிலேயே அலசி, படம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தணும். கொடியில் ஓரத்தில் கிளிப் போட்டும் தொங்கவிடலாம்.

ஸ்டுடியோவில் கழுவி எடுத்த பிரிண்டுக்குத்தான் இந்த வழி. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததைத் தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஃபிரேம் படத்தைப் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால், இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வீடு கழுவி முடித்தபின் பொறுமையாக எடுத்துச் செய்யலாம். எதற்கும் கை வைக்கும் முன் போனில் ஒவ்வொரு பக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க.

நெகட்டிவ் சுருள் கிடைத்தால் தூக்கிப் போடாதீங்க. அதையும் இதேபோல அலசி நிழலில் உலர்த்தினால், ஸ்கேன் செய்து புது பிரிண்ட் எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் நனைந்திருந்தால் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று கம்ப்யூட்டரில் மாட்டவே மாட்டாதீங்க. கரண்ட் கொடுக்காமல் டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோனால்தான் உள்ளே இருக்கும் படங்கள் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.